துபாஷியின் தர்மசங்கடம்

பிள்ளை தெருவில் தடுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிறது. என்ன செய்வீர்கள்? டெட்டாலைத் தேடுவீர்கள். பாட்டில் காலியாக இருந்தால், நேரே அடுப்படிக்குப் போய் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை மஞ்சளை எடுத்து அப்புவீர்கள். சரி, மஞ்சள் வைத்தால் புண் ஆறும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அம்மா. அம்மாவுக்கு? பாட்டி. பாட்டிக்கு? இந்தக் கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டே போனால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். யாரோ ஒரு கிழவி. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, கையெழுத்து கிடையாது.

1995 மார்ச்சில் அந்தக் கிழவியின் இடத்தில் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் வேலை பார்த்த இரண்டு விஞ்ஞானிகள். இரண்டு பேருமே நம்மூர் வம்சாவளி. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்க பேட்டன்ட் வாங்கிவிட்டார்கள். எண் 54,01,504. நம் சி.எஸ்.ஐ.ஆர். சண்டைக்குப் போனது. மஷேல்கர் அப்போது தலைவர். மஞ்சளின் மகிமையைச் சொல்லும் சம்ஸ்கிருத, உருது, இந்தி ஆதாரங்கள், 1953-ல் இந்திய மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை என்று முப்பத்திரண்டு தாள்களை எடுத்து நீட்டினார்கள். 1997-ல் பேட்டன்ட் ரத்து. பத்திரிகைகள் எல்லாம் குதித்துக் கொண்டாடின. அந்த ஆட்டத்தில் நானும் ஆடியவன்தான்.

ஆனால் ஜெயித்தது எப்படி என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒரு விஷயம் ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்று நிரூபிக்க வேண்டுமானால், அது அமெரிக்காவுக்குள் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டு விஷயம் என்றால் அச்சில் வந்திருக்க வேண்டும். கோடிக்கணக்கான பாட்டிகள் தினமும் மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாலும் அது கணக்கில் வராது. காகிதத்தில் இருந்தால் அறிவு. பாட்டியின் கையில் இருந்தால் ஒன்றுமில்லை. இந்த ஓட்டையை அவர்கள் அடைத்தது 2011-ல் இயற்றி, 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில்தான். ஆக, மஞ்சள் வழக்கில் நாம் பாட்டியை வைத்து ஜெயிக்கவில்லை. 1953-ம் வருஷத்துக் கட்டுரை மாதிரியான காகிதங்களை வைத்து ஜெயித்தோம்.

அமெரிக்காவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அது சுலபமான வேலை, டீக்கடையிலேயே செய்துவிடலாம். எனக்கு வேறொரு குடைச்சல். தெரிந்த ஒரு விஷயத்தைத் தெரியாத ஒருவருக்குச் சொல்கிறோமே, சொன்ன பிறகு அது யாருடையது?

இதற்குப் பக்கத்திலேயே, நம் புதுச்சேரியிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. சுமார் 1734-ல் போலியூ என்று ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி இங்கே வந்தார். பாரிஸில் து ஃபே என்ற ரசாயன விஞ்ஞானி அவரிடம் ஒரு வேலை ஒப்படைத்திருந்தார். சோழமண்டலக் கரையில் எழுதப்படும் சீட்டித் துணிக்கு ஐரோப்பாவே பைத்தியமாக இருந்த காலம் அது. எத்தனை தடவை துவைத்தாலும் போகாத சிவப்பு, போகாத நீலம். அங்கே யாருக்கும் அந்த வித்தை பிடிபடவில்லை. சொந்த நாட்டு நெசவாளர்கள் பிழைப்பு கெடுகிறது என்று 1686-லிருந்தே பிரெஞ்சு அரசாங்கம் இந்தத் துணியைத் தடை செய்து வைத்திருந்தது. தடை செய்ததால் மவுசு இன்னும் ஏறியது. போலியூ என்ன செய்தார்? சாயக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்தையும் எழுதினார். எழுதியதோடு விடவில்லை, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகளோடு கூடிய கையெழுத்துப் பிரதி இன்றைக்கும் பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியக நூலகத்தில் இருக்கிறது.

அடுத்து 1742-ல் கேர்தூ பாதிரியார். இயேசு சபைக்காரர். சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவு இருக்கிறது என்று பின்னாளில் எழுதிய அதே மகா புத்திசாலி. தன்னிடம் ஞானஸ்நானம் பெற்றிருந்த துணி எழுதுகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, முழுச் செய்முறையையும் ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். ஆட்டுப் புழுக்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு வெளுப்பது, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து தோய்ப்பது, படிகாரம் வைப்பது, சாயவேர் போட்டுக் காய்ச்சுவது, நீலம் படக்கூடாத இடத்தில் மெழுகு எழுதுவது, பிறகு அவுரித் தொட்டியில் முக்குவது - ஒன்று விடாமல். கடிதம் அச்சாகி ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. 1759-ல் பிரான்ஸ் தடையை நீக்கியது. அடுத்த வருஷமே ஓபர்காம்ப் என்பவர் ழூயி என்ற ஊரில் அச்சுத்துணித் தொழிற்சாலை தொடங்கி, பெரும் புகழோடு நடத்தினார். கேர்தூவின் ஒரு கடிதத்தால்தான் நம் சாயக்காரர் பிழைப்பு போயிற்று என்று சொன்னால் அது மிகை. கம்பெனியும் யந்திரமும் செய்ததை எல்லாம் ஒரு பாதிரியார் தலையில் கட்டக் கூடாது. ஆனால் ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்குள் தொழில் ரகசியத்தைக் கேட்டால், கேட்கப்பட்டவன் மாட்டேன் என்று சொல்லியிருப்பானா?

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து ஒரு வித்தையை முதன்முதலில் கொண்டுவந்து இறக்குகிறவனும் கண்டுபிடிப்பாளன்தான். தானாக மூளையைக் கசக்கினானா, கடல் தாண்டிப் போய்க் கேட்டு வந்தானா என்பது அவர்களுக்கு ஒன்று. கேர்தூ இங்கிலாந்துக்காரராக மட்டும் இருந்திருந்தால் நம்மூர்ச் சாயத்துக்கு அவரே பேட்டன்ட் கேட்டிருக்கலாம். நம் 1970-ம் வருஷச் சட்டம் இதை வெளிப்படையாகவே மறுக்கிறது: முதலில் இறக்குமதி செய்தவன் கண்டுபிடிப்பாளன் ஆக மாட்டான்.

திருட்டுதானே என்கிறீர்கள்? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. அன்றைய சாயக்காரர்கள் தங்கள் வித்தையை அப்பனிடமிருந்து மகனுக்கு என்று கைக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இன்றைக்கு 18-ம் நூற்றாண்டில் இந்தக் கரையில் துணிக்கு எப்படிச் சாயம் ஏற்றினார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஆராய்ச்சியாளர் யாரைத் தேடிப் போகிறார்? போலியூவையும் கேர்தூவையும். எடுத்துக்கொண்டு போனவர்தான் காப்பாற்றியும் வைத்திருக்கிறார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பேட்டன்ட் என்ற ஏற்பாடே இந்தச் சங்கடத்துக்கு ஒரு வைத்தியமாகத்தான் வந்தது. அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'திறந்திருப்பது' என்று அர்த்தம். நாம் என்னவோ பூட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராஜா கண்டுபிடிப்பாளனிடம் பேரம் பேசுகிறார்: உன் ரகசியத்தை ஊரறியச் சொல்லிவிடு, பதிலுக்குக் கொஞ்ச காலம் வேறு யாரும் அதைச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கு அந்தக் கொஞ்ச காலம் 20 வருஷம். பிறகு எல்லாருக்கும் பொது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பேரம் பேச வாசலுக்கு வருகிறவன் நிஜமாகவே கண்டுபிடித்தவனா என்பதில்தான் கோளாறு.

அந்த வாசலில் ஒரு ஆள் நிற்கிறார். அவரைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

புதுச்சேரிக்காரர்களுக்குத் துபாஷி என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை வீடு இன்னும் இருக்கிறது. டூப்ளேக்குத் துபாஷி; இரண்டு பாஷை அறிந்தவர். இந்தப் பக்கம் நெசவாளனும் வியாபாரியும், அந்தப் பக்கம் கம்பெனி. இவன் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவனுக்கும் கொண்டு சேர்க்கிறவர். 1736-லிருந்து 1761 வரை அவர் எழுதி வைத்த நாட்குறிப்பைப் புரட்டினால் ஒன்று தெரியும். துபாஷி வெறும் மொழிபெயர்ப்பாளன் இல்லை. எதைச் சொல்வது, எதை விழுங்குவது, எதை எந்த நேரத்தில் சொல்வது என்பதெல்லாம் அவன் கையில் இருந்தது.

இன்றைய துபாஷிக்கு பேட்டன்ட் ஏஜென்ட், பேட்டன்ட் அட்டர்னி என்று பெயர். வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் பேட்டன்ட் ஏஜென்டாகப் பதிவு செய்ய விஞ்ஞானத்திலோ பொறியியலிலோ பட்டம் வேண்டும். அதற்கு மேல் ஒரு பரீட்சை. சட்டப் பட்டம் கட்டாயமில்லை. உயிர்த் தொழில்நுட்பம் என்றால் சோதனைச்சாலையில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். ஒரு ஜீனைப் பற்றி எழுத ஜீன் தெரிந்தவர் வேண்டாமா?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். சின்ன வயசிலிருந்து பார்க்கிற பெண் என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன்; இன்றைக்குப் பெரிய மனுஷி. தாத்தா காலத்தில் அந்த வீட்டின் முன்கூடத்தில் தறி இருந்தது. தெருவில் பாவு ஓடுவார்கள். ஆயா தார் சுற்றுவாள். ஆயாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, காது மட்டும் பாம்புக்காது. பேத்தி பாக்டீரியாவில் ஆறு வருஷம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டாள். புதுச்சேரி விண்ணப்பங்கள் எல்லாம் சென்னை பேட்டன்ட் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். கிண்டிக்கும் முத்தியால்பேட்டைக்கும் இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாதி ஆயுசு போகிறது என்பாள்.

"ரெண்டு வேலைக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆராய்ச்சியில இருந்தப்ப, எவ்வளவு கம்மியா சொல்லலாம்னு பார்ப்போம் மாமா. 'இருக்கலாம்', 'தோணுது', 'இன்னும் பார்க்கணும்'. இங்க எவ்வளவு அதிகமா கேட்கலாம்னு பார்க்கணும்."

விளக்கினாள். பேட்டன்ட் விண்ணப்பத்தின் உயிர், கடைசியில் வரும் உரிமைக் கோரிக்கைகள். ஒவ்வொரு கோரிக்கையும் ஒரே வாக்கியம். அரைப் பக்கம் ஓடினாலும் ஒரே வாக்கியம்தான், முற்றுப்புள்ளி முடிவில்தான் விழும். முதல் கோரிக்கை ஊரையே வளைத்து வேலி போடும். இரண்டாவது தெருவை. மூன்றாவது வீட்டை. அரசாங்கம் முதல் வேலியைப் பிடுங்கினாலும் மூன்றாவது நிற்கும். பட்டா வாங்குகிற கதைதான். ஒரே ஆள் காலையில் விஞ்ஞானியாகச் சந்தேகப்பட வேண்டும், மத்தியானம் வக்கீலாக அடித்துப் பேச வேண்டும். இரண்டு நாக்கு என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. திட்டாகச் சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் உயிருக்கே வேலி போட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, வங்காளி. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது, கடலில் கொட்டிய எண்ணெயைத் தின்கிற மாதிரி ஒரு பாக்டீரியாவைத் தயார் செய்தார். செய்முறைக்கு பேட்டன்ட் கொடுத்தார்கள். பாக்டீரியாவுக்கே வேண்டும் என்று கேட்டபோது அமெரிக்க அதிகாரிகள் உயிருள்ளதற்குத் தர மாட்டோம் என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு: உயிரோடு இருக்கிறதா என்பது கேள்வியில்லை, மனிதன் செய்ததா என்பதே கேள்வி. ஒரே ஒரு ஓட்டு. அந்த ஓட்டின் மேல்தான் உயிர்த் தொழில்நுட்பம் என்கிற மாளிகை எழும்பி நிற்கிறது. அந்தப் பாக்டீரியாவோ, எந்தக் கடலிலும் எண்ணெய் தின்னப் போகவே இல்லை. 33 வருஷம் கழித்து, 2013-ல், மனித உடம்பில் இருக்கிற ஜீனை அப்படியே பிரித்தெடுப்பதற்கு பேட்டன்ட் கிடையாது என்று அதே நீதிமன்றம் மார்பகப் புற்றுநோய் ஜீன் வழக்கில் சொன்னது. செய்தது, கண்டது - இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடு.

சக்ரவர்த்தி விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை. அவர் நிஜமாகவே ஏதோ செய்தார். குழப்பம் கீழாநெல்லியில் வருகிறது.

மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நமக்கெல்லாம் தெரியும். ப்ளும்பெர்க் என்ற அமெரிக்கர் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவரும் வேங்கடேஸ்வரன் என்ற நம்மவரும் சேர்ந்து கீழாநெல்லிக் குடும்பத்துச் செடியின் சாறு அந்த வைரஸைத் தடுக்கிறது என்று காட்ட, 1987-ல் அவர்கள் வேலை பார்த்த ஃபாக்ஸ் சேஸ் நிறுவனம் பேட்டன்ட் வாங்கியது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு அவர்களோடு சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை போட்டது: மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் அதே மாதிரி வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். பாட்டிக்குத் தெரிந்தது என்ன? 'மஞ்சள்காமாலைக்கு இது நல்லது.' மஞ்சள்காமாலையில் பல ரகம்; பாதி தானாகவே சரியாகிவிடும். வைரஸ் எது, எந்தச் செடி, எவ்வளவு அளவு, நிஜமாகவே கேட்கிறதா என்று எண்ணிப் பார்த்தது சோதனைச்சாலை. அது வேலை இல்லையா? வேலைதான். சோதனையில் தோற்றுப்போவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான். 'எல்லாம் நம்ம முன்னோர்கள் அப்பவே சொல்லிட்டாங்க' என்று மார்தட்டுகிறவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தச் செடியை எடுத்துச் சோதிக்கலாம் என்று லட்சம் செடிகளுக்கு நடுவிலிருந்து கை காட்டியது யார்? அதுவும் வேலைதான். அந்த இரண்டாவது வேலைக்கு பேட்டன்ட் படிவத்தில் பெயர் போட இடமில்லை.

முத்தியால்பேட்டைப் பெண்ணுக்கு வந்த தர்மசங்கடம் இதே வகை. எல்லாம் சொல்லிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். செடியின் பெயர், கம்பெனியின் பெயர் எதையும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள், தொழில் ரகசியம். எலும்புக்கூடு மட்டும் சொன்னாள். ஒரு கம்பெனி, ஆறாத புண்ணுக்கு ஒரு செடிச் சாறு. சோதனை எல்லாம் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். விண்ணப்பம் எழுத ஆராய்ச்சிக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தால், முதல் பக்கத்தில் ஒரு வரி: செஞ்சிப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னது. ஆராய்ச்சியாளரின் அம்மாவுக்கு அந்தப் பெரியவர் காலில் கட்டுப் போட்டு ஆறியிருக்கிறது. நன்றிக்கடனாக ஆராய்ச்சி.

"பெரியவர் பேரை எங்க மாமா போடறது? கண்டுபிடிப்பாளர்னு போட முடியாது. சட்டப்படி புதுமைக்கு மூளை கொடுத்தவங்கதான் கண்டுபிடிப்பாளர். இவர் கொடுத்தது துப்பு. சரி, 'இது அந்த வட்டாரத்துல தெரிஞ்ச வைத்தியம்'னு முன்னுரையில எழுதினா, அதையே பிடிச்சுக்கிட்டு அரசாங்கம் நிராகரிச்சிடும். பாரம்பரிய அறிவுக்கு பேட்டன்ட் இல்லைன்னு மூணாம் பிரிவுலயே இருக்கு. எழுதாம விட்டா கிடைச்சாலும் கிடைக்கும்."

பொறியைக் கவனித்தீர்களா? உண்மையைச் சொன்னால் உரிமை போகும். உரிமை போனால் கம்பெனி கைகழுவும். மருந்து வராது, பெரியவருக்கும் ஒன்றும் வராது. மறைத்தால் மருந்து வரும், பணம் வரும், பெரியவருக்கு அப்போதும் ஒன்றும் வராது. இரண்டு வழியிலும் பூஜ்யம் ஒரே ஆளுக்குத்தான். நடுவில் நிற்கிற துபாஷிக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. கட்சிக்காரரின் ரகசியத்தைக் காப்பது தொழில் தர்மம். தெரிந்ததை மறைத்து ஆராய்ச்சி செய்வது விஞ்ஞானியாக அவள் கற்ற தர்மத்துக்கு விரோதம். எது மேல்?

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைக்கக் கூடாது. பெரியவருக்கு நல்லது நடக்குமா நடக்காதா என்பது வேறு கணக்கு. பேட்டன்ட் என்பது ஊரோடு செய்கிற பேரம் என்றால், தெரிந்ததை எல்லாம் சொல்வதுதான் நம் பக்கத்து விலை. விலையில் கொஞ்சம் ஒளித்துவைத்துக்கொண்டு சரக்கை முழுசாக வாங்குவது எந்தக் கடையிலும் ஒரே பெயர்தான். சட்டமும் இந்த விஷயத்தில் அவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு இல்லை. செடி எங்கிருந்து வந்தது என்று நம் விண்ணப்பத்தில் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சமூகத்தில் வாய்மொழியாகப் புழங்கும் அறிவையே காரணம் காட்டி யாரும் ஆட்சேபிக்கலாம். பாட்டிக்கு அமெரிக்கச் சட்டம் கொடுக்காத சாட்சிக் கூண்டை நம் சட்டம் கொடுத்திருக்கிறது.

அதற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீதிபதி ராஜகோபால ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது பேட்டன்ட் சட்டத்தை ஆராயச் சொன்னார்கள்; 1959-ல் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் 80-90 சதவிகித பேட்டன்ட்கள் வெளிநாட்டவர் கையில், அவற்றில் 90 சதவிகிதத்துக்கு மேல் இங்கே உபயோகப்படுத்தப்படவே இல்லை என்று எடுத்துக் காட்டினார். வேலி மட்டும் இருக்கிறது, உள்ளே பயிரில்லை. அந்த அறிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1970-ம் வருஷச் சட்டம். 2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக அதை நிறைய மாற்றிய பிறகும், அந்த முரட்டுக் குணம் கொஞ்சம் மிச்சமிருந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் மாத்திரைக்கு 2006-ல் பேட்டன்ட் மறுத்தது சென்னை அலுவலகம்தான். 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மாசம் சுமார் 1,20,000 ரூபாய் ஆகிற மருந்து, உள்ளூர்த் தயாரிப்பில் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. தத்துவ விசாரம் என்று நாம் ஒதுக்குகிற கேள்விக்கு இப்படியும் ஒரு விலைச்சீட்டு உண்டு.

பெரியவர் மாதிரி ஆட்களுக்கு ஏதாவது கிடைத்த கதை உண்டா? உண்டு, அரைகுறையாக. 1987-ல் அகத்திய மலைக்கு ஆராய்ச்சிக்குப் போன கேரள விஞ்ஞானிகள் மூச்சு வாங்க ஏறினார்கள். வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை, அது தங்கள் குலத்து ரகசியம் என்றார்கள். பிறகு சொன்னார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. 1995-ல் கோவை கம்பெனி ஒன்றுக்கு உரிமம் கொடுத்து 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவிகிதமும் பேசினார்கள்; வருவதில் பாதி காணிகளுக்கு. உலகம் முழுக்க இதை உதாரணம் காட்டினார்கள். மலையில் என்ன நடந்தது? எங்களைக் கேட்காமல் இரண்டு மூன்று பேர் எப்படிச் சொல்லலாம் என்று காணி வைத்தியர்களே கோபப்பட்டார்கள். இலை பறிக்க வனத்துறை அனுமதி மறுத்தது. நூறு பேருக்குப் பொதுவான ரகசியத்துக்கு மூன்று பேர் விலை பேச முடியுமா என்ற கேள்விக்கு எந்த ஒப்பந்தத்திலும் பதில் இல்லை.

2023-ல் திருத்திய பல்லுயிர்ச் சட்டம் இன்னொரு விசித்திரம். ஏட்டிலும் நூலிலும் ஏறிவிட்ட பாரம்பரிய அறிவை நம்மூர்க் கம்பெனிகள் பயன்படுத்தினால் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. எழுதப்படாத அறிவுக்குத்தான் பங்கு. 1995-ல் எழுதாததால் பாட்டி தோற்றாள். இப்போது எழுதி வைத்திருந்தால் பாட்டிக்குக் காசு இல்லை. சித்த வைத்தியம் உட்பட லட்சக்கணக்கான மருந்து முறைகளை 2001-லிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, உலக பேட்டன்ட் அலுவலகங்களுக்குத் திறந்துவைத்த அரசாங்கத்தின் பெரிய வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். திருடன் நுழையாமல் காக்கிறது. வீட்டுக்காரனுக்கு அதில் சோறு இல்லை, அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டைக்கு வருவோம். அவள் என்ன செய்தாள்?

முன்னுரையில் எழுதினாள். பெரியவர் பெயரை விட்டுவிட்டு, இந்த வட்டாரத்தில் இந்தச் செடி புண்ணுக்குப் பயன்படுகிறது என்று ஒரு வாக்கியம். அதற்கேற்ப முதல் வேலியைப் பிடுங்கிவிட்டு, சாற்றைப் பிரித்தெடுக்கும் முறைக்கு மட்டும் வேலி போட்டாள். அது அவர்கள் நிஜமாகவே செய்தது. கம்பெனிக்காரர்கள் கொதித்தார்களாம், "நீங்க யார் பக்கம் மேடம்?" என்று.

"தர்மம்னு பேசினா கேட்க மாட்டாங்க மாமா. 'நாளைக்கு எவனாவது ஆட்சேபம் போட்டா மொத்தமும் போயிடும்'னு சொன்னேன். ரிஸ்க்னு சொன்னா கேட்டுக்கறாங்க."

துபாஷி மூளை. எதை எந்த பாஷையில் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நான் இதில் குறை காணவில்லை. சரியான காரியம் தப்பான காரணத்துக்காக நடந்தது என்று தத்துவப் பேராசிரியர்கள் சொல்லலாம், சொல்லிக்கொள்ளட்டும்.

இதைக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஆயா குறுக்கே புகுந்தாள். "ஏன் கண்ணு, அந்தப் பெரிய மனுஷனை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வாஸ்தவத்தில் அந்த நிமிஷம் வரை நானும்கூட அதை யோசிக்கவில்லை. பெரியவருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோமே தவிர, அவரை ஒரு ஆளாக வைத்துப் பேசவில்லை.

அடுத்த வாரம் போனாள். தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதிக்கு எப்படியும் மனுப் போட வேண்டும், அந்தச் சாக்கில் ஆராய்ச்சியாளரையும் கூட்டிக்கொண்டு. கம்பெனி ஏற்கெனவே ஒரு தடவை வந்து பொன்னாடை போர்த்திவிட்டுப் போயிருந்தது; அது கொடியில் துண்டோடு துண்டாகக் கிடந்ததாம். பங்குத்தொகை என்று ஒன்று உண்டு, கேட்டு வாங்கலாம் என்று இவள் விளக்கியிருக்கிறாள். பெரியவர் தலையை ஆட்டிவிட்டார். காசு வாங்கினால் மருந்து பலிக்காது, குருவிடம் சத்தியம் செய்திருக்கிறேன் என்றார்.

எவ்வளவு நேரம் பேசியும் அவர் மசியவில்லை. அவருடைய கணக்கில் அந்த அறிவு விற்கிற பண்டமே இல்லை; இலவசமாகக் கொடுப்பதுதான் அதற்கு உயிர். இலவசமாகக் கொடுத்ததை ஒருவர் வாங்கி விலைக்கு விற்றால் கொடுத்தவருக்குக் கோபம் வர வேண்டாமா என்று நான் கேட்டேன். வரவில்லையாம். நான் இன்னும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அந்தச் செடி முளைப்பது ஊர் ஏரிக்கரைச் சரிவில். இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் கல் நட்டு மனை பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். "நீங்க பெரிய ஆபீஸுக்கு எல்லாம் எழுதறீங்களே, அதை நிறுத்தச் சொல்லி எழுத முடியுமாம்மா?"

அவள் எழுதியிருக்கிறாள். ஒரு தனித்தாளில், அவர் சொன்னபடியே. எந்தப் படிவத்தோடு அதை இணைப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.